ஒடீல் வீடு இருந்த இடம்

ஹாலம் ஊர்க்காரர்களிடம் வழி கேட்டு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்த வெளியூர்க்காரன் இன்னும் பிறக்கவில்லை. இருப்பதைச் சொல்லவே மாட்டார்கள், இருந்ததைத்தான் சொல்வார்கள். "பெரிய எல்ம் மரம் இருந்துச்சுல்ல, அங்க எடது பக்கம் திரும்பு. நூல் மில்லு இருந்த எடம் வர நேரா போ. அப்புறம் டெஃப்ட் தொழுவம் இருந்த எடத்துல மேட்டைப் பாத்து ஏறு." மரம் நோய் கண்டு பட்டுப்போய் எத்தனையோ வருஷம். மில் எரிந்து சாம்பலாகிவிட்டது. தொழுவமும் எரிந்து, அந்த இடத்தில் கருங்கல் அடித்தளமும், வைக்கோல் வண்டி ஏறுவதற்குக் கட்டிய கல் சரிவும்தான் மிச்சம். கேட்டவன் திருதிருவென்று விழித்தால் "இதுகூடவா தெரியாது?" என்று ஒரு பார்வை வேறு பார்ப்பார்கள். கொழுப்பு, வேறென்ன?

அவர்களையும் குறை சொல்ல முடியாது. அந்த மாநிலத்தின் சங்கதியே அப்படி. கனெக்டிகட்டில் மாவட்ட ஆட்சி என்பது அறுபது வருஷத்துக்கு முன்பே செத்துப்போன சமாசாரம். ஆபீசும் கிடையாது, அதிகாரியும் கிடையாது. ஆனாலும் பிணத்தை எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. வரைபடத்தில் கோடு அப்படியே கிடந்தது, மழை அறிவிப்பில் பெயர் வந்துகொண்டே இருந்தது. பக்கத்துப் பக்கத்து ஊர்கள் சேர்ந்து சாலைக்கும், தெருநாய் பிடிக்கவும், வயசாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் வேனுக்குமாக ஒரு திட்டக் குழு வைத்திருந்தன. ஒருநாள் அந்தக் குழுவைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்து, 'இனிமேல் மாவட்டத்துக்குச் சமம் நீதான்' என்று சொல்லிவிட்டார்கள். பேர், நாஷவெட் திட்ட வட்டாரம்.

"படுத்தது ஒரு மாவட்டத்துல, எந்திரிச்சது ஒரு வட்டாரத்துல. முதுகு வலி மட்டும் அதேதான்" என்றார் லாய்டு டெஃப்ட், டோனட் கடையில் உட்கார்ந்துகொண்டு. எரிந்துபோன தொழுவத்துக்குச் சொந்தக்காரர் அவர்தான்.

அந்த வட்டார வேனை ஓட்டியவள் ஒடீல் கோத்ரோ. குட்டையான உருவம், கனமான கை, நல்ல வாய். கியூபெக்கிலிருந்து மில் வேலைக்கு வந்த குடும்பம். அப்பன் தறி ரிப்பேர்க்காரன், அம்மா சீக்கிரமே போய்விட்டாள். தம்பி ரேயாலுக்குக் கஞ்சி ஊற்றியதிலிருந்து காலணி நாடா கட்டிவிட்டது வரை ஒடீல்தான். மேட்டின் மேல் பச்சைக் கதவு வைத்த வெள்ளை வீடு, அதில் அக்காளும் தம்பியும். நடுவில் ஒரு மாப்பிள்ளை வந்தான். நல்லவன்தான், கையில் வேலையும் இருந்தது. "உன் தம்பி எப்ப தனியாப் போவான்?" என்று ஒரு தடவை கேட்டான். ஒடீல் அவனுடைய தொப்பியை எடுத்து அவன் கையில் கொடுத்து, கதவைத் திறந்து விட்டாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ரேயால் பதினைந்து வயதிலிருந்து டெஃப்ட் தொழுவத்தில் பால் கறந்தவன். மனிதர்களோடு அதிகம் பேசமாட்டான், மாடுகளோடு பேசுவான். ஒரு ஆகஸ்டு மாதம் அவனுக்குப் பொன்னுக்குவீங்கி வந்து வீட்டில் படுத்திருந்த சாயங்காலம், தொழுவத்தில் இடி விழுந்தது. கழுத்துச் சங்கிலியை அவிழ்த்துவிட ஆளில்லாமல் மாடுகள் கட்டிய இடத்திலேயே எரிந்து போயின. வீங்கின கன்னத்தோடு அவன் ஓடிப் போனபோது கூரை விழுந்துவிட்டிருந்தது. "நான் இருந்திருந்தா அவுத்து விட்டிருப்பேனே" என்று அன்றைக்குச் சொன்னான். பிறகு அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

வயது அறுபதைத் தாண்டியதும் அவனுக்கு மறதி வந்தது. சாதாரண மறதி இல்லை. காலையில் சாப்பிட்டது போய்விடும், நேற்று வந்தவர் போய்விடுவார். பழசு மட்டும் பளிச்சென்று நிற்கும். தினமும் வேனில் அக்காள் பக்கத்தில் உட்கார்ந்து வருவான். தொழுவம் இருந்த இடம் வந்தால் கையைத் தூக்கி யாருக்கோ வணக்கம் வைப்பான்.

"யாருக்குடா கை காட்டறே? அங்க யாரும் இல்லியே" என்பாள் ஒடீல்.

"உனக்குக் கண்ணு போயிடுச்சுக்கா. கண்ணாடி மாத்து" என்பான் அவன்.

வட்டாரம் மாவட்டத்துக்குச் சமமானதும் சட்டமும் முறுக்கிக்கொண்டு வந்தது. முன்பதிவு செய்தவர் தவிர வேறு யாரும் வேனில் ஏறக்கூடாது. ரேயால் பகல் பராமரிப்பு மையத்துக்குப் போய்வரலாம், அவ்வளவுதான். அவன் அங்கிருந்து ஒருநாள் நழுவினான். இன்னொரு நாளும் நழுவினான். இரண்டாவது முறை போலீஸ் அவனை நெடுஞ்சாலை ஓரத்தில், கையில் ஒரு வாளியோடு, பிடித்துக்கொண்டு வந்தது.

வட்டார ஆபீசில் முதியோர் பொறுப்பில் இருந்த பட்ரீஸ் நோவாக் கெட்டவள் இல்லை. ஒடீலுக்குக் காபி ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் சொன்னாள்.

"ஒடீல் அக்கா, இன்னொரு தடவை அவர் காணாமப் போனா என் கையில ஒண்ணும் இல்ல. கடற்கரைப் பக்கம் ஒரு காப்பகத்துல எடம் இருக்கு. அங்கதான் அனுப்பியாகணும்."

"அது வேற வட்டாரம்."

"ஆமா."

"என் வேன் எல்லையைத் தாண்டக் கூடாது. என் காரு கடைத்தெரு வர போனாலே மூச்சு வாங்குது. அவனை யாரு பாப்பா? அவனுக்குப் பட்டாணி சூப்புல பன்றிக்கறித் துண்டு பெரிசா போடணும்னு அங்க யாருக்குத் தெரியும்?"

பட்ரீஸ் மேசையைப் பார்த்தாள். "அப்ப தொலையாம பாத்துக்குங்க" என்றாள்.

ஒடீல் அன்று வீட்டுக்கு வந்து கதவுக்கு மேலும் கீழும் தாழ்ப்பாள் அடித்தாள். தம்பி என்னோடு இருக்க வேண்டும், இந்த வீட்டில் இருக்க வேண்டும், எனக்கு வேறெதுவும் வேண்டாம் என்று ஆணி அடிக்கும்போதே வாய்விட்டுச் சொன்னாள். ரேயால் ஆணி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

அந்த நவம்பரில்தான் முதல் சங்கதி நடந்தது. வேனின் பின் இருக்கையில் ஹெஸ்டர் சாஃபி அம்மாள். தொண்ணூறைத் தொட்ட கிழவி, நாக்கு மட்டும் சவரக்கத்தி. பக்கத்தில் இருந்தவரிடம் பேசிக்கொண்டு வந்தாள்.

"என் மருமக வழி தவறி எங்கியோ போயிட்டா. படிச்சுப் படிச்சு சொன்னேன், ஒடீல் வீடு இருந்த எடத்துல திரும்புடீன்னு."

ஒடீல் கண்ணாடியில் பார்த்தாள். "ஹெஸ்டரம்மா, என் வீடு இன்னும் இருக்குங்க. காலைல அங்கதான் காபி போட்டேன்."

கிழவி வழக்கம்போல வாயாடவில்லை. துக்க வீட்டில் பார்ப்பதுபோல ஒடீலின் முதுகைப் பார்த்தாள்.

"அப்படியா கண்ணு?" என்றாள் மெதுவாக. "இன்னும் இருக்கா?"

வயசான மூளை, புரண்டு பேசுகிறது என்று ஒடீல் தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் சனிக்கிழமை குப்பைக் கிடங்கில், வாசலில் நிற்கும் ஆள் ஒரு வெளியூர் லாரிக்காரனுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தான். "டெஃப்ட் தொழுவம் இருந்த எடத்தைத் தாண்டு. ஒடீல் வீடு இருந்த எடம் வரும், அங்க வலது பக்கம்." ஒடீல் இரண்டு கையிலும் குப்பைப் பையோடு அவன் எதிரிலேயே நின்றாள்.

"என்னய்யா சொன்னே?"

"நானா? என்ன சொன்னேன்?"

"என் வீடு இருந்த எடம்னு சொன்னே."

அவன் தலையைச் சொறிந்தான். "அப்படியா சொன்னேன்? நாக்கு பெரண்டிருக்கும் ஒடீல். தப்பா எடுத்துக்காதே."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக நிலைப்படியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சுவர், அடுப்பு, மாடிப்படிக் கைப்பிடி. எல்லாம் கெட்டியாகத்தான் இருந்தன. ரேயால் சூப்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டே வேடிக்கை பார்த்தான்.

"ஏன்க்கா வீட்டைத் தடவிக்கிட்டே இருக்கே? வீட்டுக்குக் காய்ச்சலா?"

ஒடீலுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்தது.

அடுத்த வாரம் ஓட்டுநர்கள் எல்லோரையும் வட்டார ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். வேனில் புதிதாக வழிகாட்டும் கருவி வைத்திருக்கிறார்களாம், அதைக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். அன்று ஒடீலின் வேனை ஜெரால்டு ஆஸ்ட்ராண்டர் ஓட்டினார். நியூஜெர்சியில் இன்சூரன்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்று, அமைதி தேடி இங்கே வந்தவர். தங்கமான மனுஷன். ஆனால் இந்த ஊரில் ஒரு மரம்கூட அவருக்கு அறிமுகமில்லை.

மதியத்துக்குப் பிறகு பனி பெய்ய ஆரம்பித்தது. ஒடீலின் போன் அடித்தது.

"ஒடீல், உங்க தம்பியை மையத்துலேர்ந்து கூட்டிட்டு வர்றேன். இந்தக் கருவியில உங்க வீட்டு நம்பரே வரமாட்டேங்குது. அடிச்சு அடிச்சுப் பாத்துட்டேன், அப்படி ஒரு வீடே இல்லைங்குது."

முன்னால் பாடம் நடந்துகொண்டிருந்தது. ஒடீல் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, இருபது வருஷமாகச் சொல்லிவந்ததையே சொன்னாள். "டெஃப்ட் தொழுவம் இருந்த எடத்துல எறக்குங்க. அங்கேர்ந்து பாத்தா எங்க வீடு தெரியும். தொழுவம் எங்கேன்னு ரேயாலைக் கேளுங்க, அவனுக்கே தெரியும்."

சொல்லி முடித்து போனை மூடியவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. உறைத்திருந்தால் அந்தப் பாடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடியிருப்பாள், பாவி மகள்.

அவள் வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருந்தது. பச்சைக் கதவு பூட்டியபடி இருந்தது. அடுப்பு அணைந்து கிடந்தது. "ரேயால்!" என்று கூப்பிட்டாள். பதில் இல்லை. விளக்கைப் போட்டுவிட்டு, சூப் பானையை அடுப்பில் ஏற்றி விறகு பற்றவைத்தாள். எதற்கு அதைச் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது, கை பழக்கம். அப்புறம்தான் ஜெரால்டைக் கூப்பிட்டாள்.

"எறக்கி விட்டேனே! தொழுவம் எங்கேன்னு கேட்டேன். 'அதோ நிக்குதே'ன்னு கையைக் காட்டினார். எனக்கு ஒண்ணும் தெரியல, பனிதான் தெரிஞ்சுது. ஆனா அவர் நேரா, வேலைக்குப் போறவர் மாதிரி நடந்தார்."

ஒடீல் மேட்டிலிருந்து சறுக்கிக்கொண்டு இறங்கினாள். லாய்டு டெஃப்ட் தன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சுச் சட்டையோடு அங்கே நின்றுகொண்டிருந்தார். கல் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒடீல், இங்க வந்து பாரு. என் கண்ணுதான் கெட்டுப்போச்சா?"

சரிவின் மேல் காலடித் தடங்கள். ரேயாலின் பூட்ஸ், குதிகாலில் ஒரு பக்கம் தேய்ந்தது. கீழிருந்து மேல்வரை ஒழுங்காகப் போயின. பெரிய கதவு இருந்த இடத்தில் கடைசித் தடம். அதில் குதிகால் மட்டும் பதிந்திருந்தது, விரல் பக்கம் இல்லை. அதற்கு அப்பால் பனி ஒரு கீறல்கூட இல்லாமல் கிடந்தது.

"பின்பக்கமா அதே தடத்துல நடந்து திரும்பியிருப்பான்" என்றார் லாய்டு. அவர் குரலே அதை நம்பவில்லை.

அப்போது வாசனை வந்தது. வைக்கோல், சாணம், கறந்த சூட்டோடு பால். காது மடல் விறைக்கும் குளிரில், அந்த வெறும் அடித்தளத்திலிருந்து வெதுவெதுவென்று காற்று வந்து இருவர் முகத்திலும் அடித்தது. கழுத்துச் சங்கிலி ஒன்று குலுங்கியது. ஒரு மாடு செருமியது.

லாய்டின் முகம் கோணிக்கொண்டது. "அது டாட்டி. வெள்ளை நெத்தி டாட்டி. அவ அப்படித்தான் செருமுவா" என்று சொல்லிக்கொண்டே ஒரு கால் எடுத்து வைத்தார். ஒடீல் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"போகாதே லாய்டு! உள்ள போனா வெளிய வர வழி உனக்குத் தெரியுமா?"

"அப்ப வட்டாரத்துக்குப் போன் போடு. ஆள் அனுப்புவாங்க."

"அனுப்புவாங்க. கெடைச்சா அவனைக் கடற்கரைக்குக் கொண்டு போவாங்க. கெடைக்கலேன்னா..." வாயருகே கையைக் குவித்துக் கூப்பிட்டாள். "டேய், ரேயால்!"

"கத்தாதேக்கா. மாடு மெரளும்." பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்பவன்போல, வெகு பக்கத்தில் அவன் குரல் கேட்டது.

"வெளிய வாடா. போதும்."

"இன்னும் கறக்க பாக்கி இருக்கு. உள்ள ஒரே புழுக்கம்க்கா. மழை வரும்போல."

லாய்டு விறைத்து நின்றார். "புழுக்கமா? ஒடீல், அது ஆகஸ்டு. அந்த ஆகஸ்டு." பனி கொட்டும் வானத்தில் எங்கோ தூரத்தில் இடி உருண்டது. "அன்னிக்கும் மொதல்ல தூரத்துலதான் இடிச்சுது. அப்புறம் ஒண்ணு பக்கத்துல. அதுக்கப்புறம்தான் கூரை மேல."

ஒடீல் அலறினாள். "ரேயால், விட்டுட்டு வா! இடி விழப்போகுதுடா!"

உள்ளேயிருந்து அவன் பேசினான். மறதிக்காரன் குரலாக இல்லை அது. எல்லாம் ஞாபகம் வந்தவன் குரலாக இருந்தது.

"தெரியும்க்கா. அதுக்குத்தானே வந்தேன். அவுத்து விட்டுட்டு வரேன்."

சங்கிலிகள் ஒவ்வொன்றாக விழும் சத்தம் கேட்டது. "போ, டாட்டி. போம்மா. நகரு, நகரு" என்று அதட்டினான், கொஞ்சினான். அடுத்த இடி பக்கத்தில் விழுந்தது. அதோடு கதவு இருந்த இடத்திலிருந்து வெப்பம் திமுதிமுவென்று வெளியே பாய்ந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் சரிவின் பனியில் குளம்படிகள் விழுந்தன. ஒன்றின் மேல் ஒன்றாக, கீழ்நோக்கி ஓடும் குளம்படிகள். ஏதோ ஒன்று லாய்டின் தோளை உரசிக்கொண்டு போனது. அவர் கையை நீட்டினார். உள்ளங்கையில் ஈரமாக, சொரசொரவென்று ஒரு நாக்கு பட்டுப் போயிற்று. எழுபது வயது மனுஷன் பனியில் மண்டியிட்டு ஓவென்று அழுதார்.

"எல்லாம் போயிடுச்சா அக்கா?" என்றான் ரேயால், வாசலுக்குப் பக்கத்தில்.

"போயிடுச்சுடா ராஜா. நீயும் வா. வீட்டுக்கு வா."

"வீடு எங்க?"

"மேட்டு மேல. பச்சைக் கதவு. லைட் போட்டு வச்சிருக்கேன் பாரு."

"பாக்கறேன். இங்கேர்ந்து எல்லாம் தெரியுது. பெரிய எல்ம் மரம் தெரியுது, இலையெல்லாம் ஆடுது. மில்லு சிம்னி தெரியுது. இடிச்சுட்டாங்கன்னாங்களே, அந்தப் பள்ளிக்கூடம்கூடத் தெரியுது. நம்ம வீடுதான் தெரியல. அங்க வெறும் மேடுதான் இருக்கு." அவன் குரல் சின்னப் பிள்ளையின் குரலாகத் தேய்ந்தது. "நான் எங்க போறதுக்கா?"

ஒடீல் திரும்பி மேட்டைப் பார்த்தாள். வீடு நின்றது. ஜன்னலில் விளக்கு எரிந்தது, புகைபோக்கியில் புகை வந்தது. நிற்கிற வீடு. அதனால்தான் அவனுக்குத் தெரியவில்லை. அவன் நிற்கிற இடத்திலிருந்து போனவை மட்டும்தான் தெரியும். ஹெஸ்டரம்மாள் முதுகைப் பார்த்த பார்வை அவளுக்கு இப்போது விளங்கியது. அந்தக் கிழவிக்கு வாய் தவறவில்லை.

லாய்டும் புரிந்துகொண்டார். ஹாலம்காரர் அல்லவா! மண்டியிட்டபடியே அவள் கோட்டைப் பிடித்தார். "சொல்லாதே ஒடீல். அப்படி வழி சொல்லிட்டேன்னா அப்புறம் அதுவும் இருந்த வீடாயிடும்."

"தெரியும் லாய்டு."

"நீயும்..."

"அவனை விட்டுட்டு இந்தப் பக்கம் நின்னு நான் என்னத்தைக் கிழிக்கப் போறேன்?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வேனோட இன்னொரு சாவி என் மேசை டிராயர்ல, ஆபீஸ்ல இருக்கு. ஹெஸ்டரம்மாவைப் படி எறங்கும்போது எடது கையைப் பிடிக்கச் சொல்லு. வலது கை வலி."

வானம் தலைக்கு மேல் உறுமியது. ஒடீல் கையைக் குவித்து, வாழ்நாள் முழுக்க ஊராருக்கு வழி சொன்ன அதே குரலில் சொன்னாள்.

"ரேயால்! நல்லா கேட்டுக்கோ. எல்ம் மரத்துக்கு முதுகைக் காட்டி நில்லு. நேரா மேட்டைப் பாத்து ஏறு. ஒடீல் வீடு இருந்த எடத்துக்கு வா."

"ஆ!" என்றான் அவன், சந்தோஷமாக. "இப்பத் தெரியுது. லைட்டு எரியுதுக்கா. சூப் வாசனைகூட வருது."

"ஓடு!"

இடி விழுந்தது. லாய்டு தரையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். ஒடீல் திரும்பிப் பார்க்காமல் மேட்டில் ஏறினாள், பனியில் பூட்ஸ் புதையப் புதைய, மூச்சு இரைக்க. பச்சைக் கதவின் பிடி கைக்குச் சூடாக இருந்தது.

உள்ளே ரேயால் மேசையருகே உட்கார்ந்திருந்தான். கோட்டு இல்லை, சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது, தலையில் வைக்கோல். கிண்ணத்தைத் தயாராக முன்னால் வைத்திருந்தான்.

"எங்க போயிருந்தே? பசிக்குது" என்றான்.

ஒடீல் அவன் தலையிலிருந்து வைக்கோலை எடுத்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பெரிய எல்ம் மரம் இருட்டிக்கொண்டு வரும் வானத்தில் ஆடியது. அதற்கு அப்பால் மில் ஜன்னல்களில் வரிசையாக விளக்கு. கீழே சாலையில் வட்டார வேன் ஊர்ந்து வந்தது, ஜெரால்டு திரும்பி வந்திருந்தார். அவள் கையை ஆட்டினாள். ஜெரால்டு இந்தப் பக்கமே பார்த்தார், கண்ணைச் சுருக்கிப் பார்த்தார், வேனை நிறுத்தாமல் போய்விட்டார். அவள் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, பெரிய பன்றிக்கறித் துண்டாகத் தேடி எடுத்துத் தம்பியின் கிண்ணத்தில் போட்டாள்.

லாய்டு எழுந்து பார்த்தபோது மேட்டின் மேல் விளக்கு இல்லை. ஒடீலின் காலடித் தடத்தைப் பிடித்துக்கொண்டு ஏறினார். மேலே பள்ளமான ஒரு அடித்தளம், அதற்குள் கை பருமனில் வளர்ந்துவிட்ட பிர்ச் மரங்கள், ஓரத்தில் காடாகப் பரவின லைலாக் புதர். கருங்கல் வாசல்படி மட்டும் இருந்தது. படியின் விளிம்பில் ஒரு குதிகால் தடம்.

பட்ரீஸ் நோவாக் வட்டாரத்துப் புது வரைபடத்தைக் கொண்டுவந்து அங்கே நின்று பார்த்தாள். வரைபடத்தில் அது வெறும் காடு, எப்போதும் காடாகவே இருந்தது என்று போட்டிருந்தது. தான் எதற்கு அங்கே வந்தோம், யாரைத் தேடி வந்தோம் என்று அவளுக்கு ஞாபகம் வரவில்லை. ஏதோ ஒரு பேர் நாக்கு நுனியில் இருக்கிறது என்று லாய்டிடம் சொன்னாள். லாய்டு அந்த வாசல்படியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊர் மட்டும் மறக்கவில்லை. இருக்கிறதைத்தான் ஹாலம்காரன் மறப்பான், போனதை மறக்கமாட்டான். ஜெரால்டுகூட இப்போது தேறிவிட்டார். சரக்கு லாரிக்காரன் கேட்டால், "ஒடீல் வீடு இருந்த எடத்துல திரும்புப்பா" என்று சொல்கிறார், தான் என்ன சொன்னோம் என்று யோசிக்காமலேயே. அந்த வளைவு வரும்போது பின் இருக்கையிலிருந்து ஹெஸ்டரம்மாள் அவர் முதுகில் கைத்தடியால் குத்துவாள்.

"கையைக் காட்டுய்யா. ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டிருக்கா, பதிலுக்குக் கை காட்டாம போனா மரியாதையா?"

ஜெரால்டு வெறும் மேட்டைப் பார்த்துக் கையைத் தூக்குவார். குளிர் நாளில் வேனுக்குள் பட்டாணி சூப் வாசனை வரும். ரேயாலைக் கடற்கரைக் காப்பகத்துக்குக் கூட்டிக்கொண்டு போக இதுவரை யாரும் வரவில்லை.